உருண்டைக்கு ஒரு கவுன்

மாஸ்டர் மாடிப்படி ஏறி வந்தபோது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. விமானத்திலிருந்து இறங்கி முழுசாக ஒரு நாள் ஆகியிருக்காது. பெட்டியைப் பிரிக்கவில்லை. கண் இன்னும் அந்த ஊர் நேரத்துக்கே சொக்கிக்கொண்டிருந்தது. ஆனால் மனுஷருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒன்பது மாதக் கதையை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு யாரால் சும்மா படுத்திருக்க முடியும்?

கடை என்றால் கண்ணாடி ஷோரூம் என்று நினைத்துவிட வேண்டாம். மாடியில் நீளமாக ஒரு ஹால். ஜன்னலோரம் ஆறு தையல் மிஷின், மூலையில் இஸ்திரிப் பெட்டி, நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்குக் கட்டிங் மேஜை. முக்கால்வாசி வேலை பள்ளிக்கூடச் சீருடைதான். அந்த மேஜைக்கு இருபத்தாறு வருஷமாக அவர்தான் ராஜா. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஊருக்கெல்லாம் அவர் மாஸ்டர்.

"வாங்க மாஸ்டர்! என்ன, வெள்ளையா ஆயிட்டீங்களே!" என்றாள் ஓவர்லாக் அக்கா. துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற மிஷினில் உட்காருகிறவள். வயதில் மாஸ்டரைவிடப் பத்து வருஷம் சின்னவள். ஆனால் அவரும் சேர்த்து எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவள் வாய் அப்படி.

"வெள்ளையாவது ஒண்ணாவது. குளிச்சிட்டு வந்திருக்கேன்க்கா."

ஹால் முழுக்கச் சிரிப்பு. தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்த முதலாளியம்மா, "முதல்ல வேலை, கதையெல்லாம் அப்புறம்" என்று கறாராகச் சொன்னார். சொன்ன கையோடு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டவரும் அவர்தான்.

அவர் ஏன் போனார் என்பது எல்லோருக்கும் ஓரளவு தெரியும். மாஸ்டருக்கு ஒரே தங்கை. அப்பா அம்மா போன பிறகு அவர் தூக்கி வளர்த்த தங்கை. அவளைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, கடல் தாண்டி அனுப்பிவைத்ததில் தனக்குக் கல்யாணம் என்று ஒன்று உண்டு என்பதையே மனுஷர் மறந்துவிட்டார். அங்கே தங்கைக்கு ஆஸ்பத்திரியில் வேலை, மாப்பிள்ளைக்குக் கிடங்கில் வேலை. இரண்டு பேருக்கும் ஷிப்ட். குழந்தை பிறந்தது. குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைக்க ஒன்பது மாதம் ஆகும் என்று கைவிரித்துவிட்டார்கள். "பேசாம நீ வந்து பாத்துக்கிறியாண்ணா?" என்று தங்கை விளையாட்டுக்குத்தான் கேட்டாள். மறுநாள் காலையில் மாஸ்டர் பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசையில் நின்றார்.

"அதுவரைக்கும் பிள்ளைங்களை நான் அளவெடுக்கத்தானே தொட்டிருக்கேன்!" என்று ஆரம்பித்தார். "போன அன்னிக்குத் தங்கச்சி பிள்ளையை என் கையில குடுத்துட்டுக் குளிக்கப் போயிட்டா. ஒரு மாசப் பிள்ளை. எங்க வெக்கிறது, எப்படிப் பிடிக்கிறது? சாப்பாட்டு மேஜையில ஒரு துண்டை விரிச்சு, அதுமேல பிள்ளையைப் படுக்க வெச்சு, சுருக்கம் இல்லாம நீவிவிட்டேன். மாப்பிள்ளை வந்து பாத்துட்டு, 'மச்சான், அடுத்து சாக்கட்டியால கோடு போடப் போறீங்களா'ன்னு அலறிட்டாரு."

பெயர் வைக்கிற வரைக்கும் பொறுக்காமல் மாஸ்டர் வைத்த பெயர் உருண்டை. கையும் காலும் கன்னமும் எல்லாமே உருண்டை. முறைப்படி வைத்த பெயர் காகிதத்தில் இருக்கிறது. அவருக்கு அது வாயில் நுழையவே இல்லை.

அடுத்த ஒரு மணி நேரம் ஒரு மிஷினும் ஓடவில்லை. புதன்கிழமை தோறும் நூலகத்தில் கைக்குழந்தைகளுக்குப் பாட்டு வகுப்பாம். வட்டமாக உட்கார வேண்டும், மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு கைதட்டிப் பாட வேண்டும். பதினெட்டு அம்மாக்கள், நடுவில் ஒரே ஒரு மீசை. பாஷை தெரியாது, ஆனால் ராகம் பிடிபட்டுவிட்டது. வாய்க்கு வந்ததைச் சொல்லி அவர் பாட, பிள்ளைகள் எல்லாம் அவர் பக்கமே திரும்பிவிட்டன. மூன்றாவது வாரம் ஒரு அம்மாவின் குழந்தைத் தள்ளுவண்டியில் ஜிப் பிய்ந்துவிட்டது. சட்டைப்பைக்குள் இருந்த ஊசியை எடுத்து அங்கேயே தைத்துக் கொடுத்தார். நாலாவது வாரம் அந்தப் பதினெட்டுப் பேரும் வகுப்புக்குப் பிள்ளையோடு ஆளுக்கொரு கிழிசலையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"பஸ் ஏறினா, தள்ளுவண்டிக்காக டிரைவர் படியைத் தரையோட தரையா இறக்குவாரு. உருண்டை கால்மேல கால் போட்டுக்கிட்டு மந்திரி மாதிரி ஏறுவா. நான் பின்னாலயே பி.ஏ மாதிரி."

"டயப்பரெல்லாம் மாத்துனீங்களா மாஸ்டர்?" என்று கேட்டாள் பட்டன் துளைக்குக் காஜா போடுகிற பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"மாத்தினதா? முதல் டயப்பரைப் பிரிச்சு எப்படி வெட்டித் தெச்சிருக்கான்னு பாத்தேன். இடுப்புல எலாஸ்டிக் வெச்சிருக்கான் பாரு, அவன் கையைக் கண்ணுல ஒத்திக்கலாம்."

ஜுரம் வந்த கதையைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தணிந்தது. பிள்ளைக்கு அப்போது ஐந்து மாதம். தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் விடுப்புக் கிடைக்கவில்லை. மூன்று நாள் பிள்ளை படுக்கையில் படுக்க மாட்டேன் என்றது, இடது தோள்தான் வேண்டும் என்றது. ஹாலிலிருந்து சமையலறைக்குப் பதினேழு அடி, திரும்பப் பதினேழு அடி. நடந்துகொண்டே இருந்தார். நின்றால் அழும். மூன்றாம் நாள் சாயங்காலம் ஜுரம் விட்டு, அவர் கழுத்து நனைய எச்சில் ஒழுகத் தூங்கிப்போனது. இறக்கிவிடலாம்தான். இறக்க மனசு வரவில்லை. இன்னும் இரண்டு மணி நேரம் நடந்தார்.

"இந்தா, இந்தக் கையில அப்படியே இருக்கா" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்துக் காஜாக்காரி, அவள் பாவம் எதையும் நினைத்துச் சொல்லவில்லை, "ஆனா அந்த வயசுப் பிள்ளைங்க ரெண்டே மாசத்துல எல்லாரையும் மறந்துடும் மாஸ்டர். என் அக்கா பொண்ணு அப்படித்தான்" என்றாள்.

மாஸ்டர் "ஆமாமா" என்று தலையாட்டிவிட்டு மேஜைக்குப் போய்விட்டார். ஆனால் அந்த வார்த்தை விரலில் ஒடிந்த ஊசியாக உள்ளேயே நின்றுவிட்டது. ஒன்பது மாதம் ராத்திரி பகல் பார்க்காமல் தூக்கியவரை இரண்டு மாதத்தில் மறந்துவிடுவாளா? விமான நிலையத்தில் அவள் அழக்கூட இல்லை. மாமா எங்கேயோ பக்கத்தில் போய்விட்டு வரப்போகிறார் என்கிற தைரியத்தில் கையை ஆட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் அவருக்குப் பகீரென்றது.

சரியாக இன்னும் இரண்டு மாதத்தில் உருண்டைக்கு முதல் பிறந்தநாள். அன்று மத்தியானமே மாஸ்டர் தீர்மானித்துவிட்டார். பிறந்தநாளுக்குத் தன் கையால் ஒரு கவுன். அதைப் போட்டுக்கொண்டு அவள் போனில் தன்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். சிரித்தால் மறக்கவில்லை என்று அர்த்தம். இப்படி ஒரு கணக்குக்கு நியாயம் இருக்கிறதா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் பாசம் வைத்தவனிடம் போய் யார் நியாயம் பேசுவது?

துணி எடுக்கவே இரண்டு நாள் ஆயிற்று. ஐந்து கடை ஏறி இறங்கி, மஞ்சளில் பொடிப்பொடி வெள்ளைப் புள்ளி போட்ட மெல்லிய பருத்தித் துணி மூன்று மீட்டர் எடுத்து வந்தார். ஒரு வயசுப் பிள்ளைக்கு மூன்று மீட்டரா என்று கேட்டதற்கு, "மிஞ்சினா மிஞ்சட்டும்" என்றுவிட்டார். கடை முழுக்கத் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. பட்டன் வெள்ளையா மஞ்சளா என்று ஒரு கட்சி, கைக்குப் பஃப் வைப்பதா வேண்டாமா என்று இன்னொரு கட்சி. முதலாளியம்மா தன் பங்குக்கு ஒரு லேஸ் சுருளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, "இதை வெக்கலன்னா லீவ் எடுத்த ஒன்பது மாசத்தையும் திரும்பக் குடுத்துடுங்க" என்று மிரட்டினார்.

"தங்கச்சிகிட்ட அளவு கேட்டுட்டீங்களா?" என்றாள் ஓவர்லாக் அக்கா.

மாஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். படியேறி வருகிறவர்கள் நாற்காலியில் உட்காருவதற்குள் மார்பு, இடுப்பு, தோள் எல்லாவற்றையும் கண்ணாலேயே எடுத்து எழுதிவிடுகிற ஆளிடம் கேட்கிற கேள்வியா இது?

"அளவா? எனக்கா? அந்தப் பிள்ளைக்கா?"

கண்ணை மூடிக்கொண்டார். இடது தோளுக்கு நேராக இரண்டு கையையும் உயர்த்தி, காற்றில் எதையோ அணைத்துக்கொண்டார். அப்படியே கை கலையாமல் மேஜைக்குக் கொண்டுவந்து, துணிமேல் வைத்து, சாக்கட்டியால் கோடு போட்டார். மார்பு இவ்வளவு. தோளிலிருந்து முழங்கால் இவ்வளவு. பார்த்துக்கொண்டிருந்த காஜாக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. கத்தரி துணிக்குள் சரசரவென்று ஓடியது.

வெட்டிய துண்டுகள் ஓரம் அடிக்க அக்காவிடம் வந்தன. அவள் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள், இன்னொன்றைத் தூக்கிப் பார்த்தாள். எழுந்து மேஜைக்கே வந்துவிட்டாள்.

"மாஸ்டர், உள்ள மடிக்க ஒண்ணுமே விடலையே?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் துணி என்றால் மாஸ்டர் கீழ் மடிப்பில் மூன்று விரல், இரண்டு பக்கத் தையலிலும் ஒவ்வொரு விரல் உள்ளே விடாமல் வெட்டியதே கிடையாது. "லூசா இருக்கே" என்று எந்த அம்மாவாவது முகம் சுளித்தால், "உங்க பிள்ளைக்கு இல்லம்மா, அடுத்த வருஷம் இதே பேர்ல இன்னும் வளந்த ஒரு பிள்ளை உங்க வீட்டுக்கு வரப் போகுதே, அதுக்குத் தெச்சிருக்கேன்" என்பார். ஊரில் பாதிப் பிள்ளைகள் அவர் விட்ட துணியைப் பிரித்துப் பிரித்துத்தான் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்குப் போயின.

"ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் விடுவேன். இவளுக்கு எதுக்கு? இது நான் தூக்கின உடம்பு அக்கா. கச்சிதமா உக்காரணும்."

"அவ வளர மாட்டாளா?"

"ரெண்டு மாசத்துல என்ன, பனைமரமா வளந்துடப் போறா? நீ ஓரத்தை அடி."

அக்கா விடவில்லை. டீ நேரத்தில் ஒரு தடவை, சாயங்காலம் கிளம்பும்போது ஒரு தடவை, மறுநாள் காலையில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு தடவை. மாஸ்டர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். கடைசியில், "எப்படியோ போங்க, அடிச்சுத் தர்றேன்" என்று அவள் அடித்துக் கொடுத்தாள். கவுன் முடிந்தபோது அதைப் பற்றிக் குறை சொல்ல அவளாலும் முடியவில்லை. அவ்வளவு அழகு. பின்பக்கம் ஐந்து வெள்ளைப் பட்டன், கழுத்தைச் சுற்றி முதலாளியம்மாவின் லேஸ். மேஜையில் வைத்தால் உள்ளே ஒரு குழந்தை இருப்பதுபோலவே உப்பிக்கொண்டு உட்கார்ந்தது.

பார்சல் கிளம்பியது. பிறந்தநாள் வரைக்கும் பிரிக்கக் கூடாது என்று தங்கையிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஞாயிறு தோறும் போனில் முகம் பார்த்தார். முதல் வாரம் உருண்டை போனைப் பிடுங்கித் தின்னப் பார்த்தாள். அவருக்கு ஒரே சந்தோஷம். மூன்றாவது வாரம் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். ஐந்தாவது வாரம் பார்க்கவே இல்லை, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "தூக்கக் கலக்கம்ணா" என்றாள் தங்கை. "ஆமாமா" என்றார் மாஸ்டர். ஆனால் மறுநாள் ஒரு பாவாடையைத் தலைகீழாக வெட்டினார்.

பிறந்தநாள் அன்று அங்கே காலை, இங்கே டீ நேரம். போனை மேஜையில் இஸ்திரிப் பெட்டிமேல் சாய்த்து நிறுத்தினார்கள். மாஸ்டர் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். அவருக்குப் பின்னால் ஒன்பது தலை. முதலாளியம்மா மறுபடியும் முதல் வரிசை.

திரையில் தங்கை வந்தாள். "அண்ணா, பிரிச்சாச்சு. ரொம்ப ரொம்ப அழகா இருக்கு. இதோ போட்டுக்கிட்டு இருக்கா. ஒரு நிமிஷம்."

உள்ளே ஏதோ சத்தம். குழந்தை சிணுங்கியது. "கையை உள்ள விடுடா, உள்ள விடு" என்று மாப்பிள்ளை குரல். நிமிஷம் மூன்றாயிற்று. அதற்கு மேலும் ஆயிற்று. ஓவர்லாக் அக்கா தரையைப் பார்த்தாள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார் மாப்பிள்ளை. மஞ்சள் கவுன் தொடையோடு நின்றுவிட்டது. பஃப் கை முழங்கைக்கு மேலே இறுக்கிக்கொண்டிருந்தது. உருண்டை உருண்டையாகவே இல்லை. கழுத்து நீண்டு, கால் நீண்டு, கன்னம் இறங்கி, முகத்தில் வேறு யாரோ ஒரு சின்னப் பெண் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் டைட்டா இருக்குண்ணா. கொஞ்சம்தான்" என்றாள் தங்கை. நாலு வயசிலிருந்தே அவளுக்குப் பொய் சொல்ல வராது.

மாஸ்டர் குனிந்து திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"அண்ணா, இரு, இரு. உனக்கு இன்னொண்ணு காட்டணும். இன்னிக்குன்னு சொல்லாமலே வெச்சிருந்தேன். இறக்கி விடுங்க அவளை."

மாப்பிள்ளை பிள்ளையைத் தரையில் நிறுத்தினார். அவள் ஒரு தடவை ஆடினாள், இரண்டு கையையும் விரித்தாள், திரும்பிக்கொண்டு நடந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஹாலிலிருந்து சமையலறைப் பக்கம். பின்னால் ஐந்து பட்டனில் ஒன்றுகூடப் போடவில்லை. நாலு விரல் அகலத்துக்கு முதுகு பளிச்சென்று தெரிந்தது. கவுன் அவளுக்கு இரண்டு பக்கமும் சிறகு மாதிரி அடித்துக்கொண்டது.

"நடக்குறா!" என்று கத்தினார் மாஸ்டர். "ஏய், நடக்குறா! அக்கா, பாரு, நடக்குறா! மேடம், பாத்தீங்களா, யாரும் பிடிக்கல, தானா நடக்குறா!" நாற்பத்தெட்டு வயது மனுஷர் மேஜையை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டு குதித்தார். இஸ்திரிப் பெட்டியோடு போன் சரிந்து விழப் பார்த்தது, காஜாக்காரி பாய்ந்து பிடித்தாள். ஹாலில் ஒரே கைதட்டல்.

அந்தச் சத்தத்தில் பிள்ளை திரும்பினாள். தத்தித் தத்திப் போன் பக்கம் வந்தாள். திரை முழுக்க அவள் முகம். மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அவரைப் பார்த்தாள், அவருக்குப் பின்னால் இருந்த ஒன்பது தலையையும் பார்த்தாள். எல்லோரையும் ஒரே மாதிரிதான் பார்த்தாள். பிறகு அவளுக்குத் தன் புது நடை ஞாபகம் வந்துவிட்டது. திரும்பிப் போய்விட்டாள்.

தெரியவில்லை. பூசி மெழுக என்ன இருக்கிறது, அவளுக்கு அவரைத் தெரியவில்லை. ஆனாலும் போனை வைக்கும்வரை சிரித்துக்கொண்டேதான் இருந்தார். அந்தச் சிரிப்பில் பாதிக்கு மேல் நிஜம். அவள் நடந்துவிட்டாளே!

எல்லோரும் மெல்ல மிஷினுக்குப் போனார்கள். நான் அப்பவே சொன்னேன் என்று சொல்ல ஓவர்லாக் அக்காவுக்கு முழு உரிமை இருந்தது. அவள் டீயை ஆற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"இந்தக் கை என்னை ஏமாத்திடுச்சுக்கா" என்றார் மாஸ்டர். "நான் கிளம்பி வந்த அன்னிக்கு இருந்த பிள்ளைகூட இல்ல இது. அந்த ஜுரத்துல என் தோள்ல தூங்கிச்சே, அஞ்சு மாசப் பிள்ளை, அதுக்குல்ல தெச்சிருக்கேன்! அதுக்கப்புறம் என் கண்ணு முன்னாடியே அஞ்சு மாசம் வளந்திருக்கா. கை அதை எடுத்துக்கவே இல்ல."

"தங்கச்சிகிட்ட இப்பவாவது அளவு கேக்கலாம் மாஸ்டர். மீதித் துணி இருக்கு."

"இன்னிக்கு அளவு எதுக்கு? பார்சல் போய்ச் சேர்றதுக்குள்ள அவ இன்னொருத்தி ஆயிடுவா. நடக்க ஆரம்பிச்சாச்சு, இனி ஓட்டம்தான்."

சொல்லும்போதே அவர் குரலில் மறுபடி ஒரு துள்ளல் ஏறியது. டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, அலமாரியிலிருந்த மஞ்சள் துணியை எடுத்து உதறி மேஜையில் விரித்தார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை, கையைத் தூக்கவில்லை. சாக்கட்டியை மேஜை விளிம்பில் தீட்டிக் கூராக்கிக்கொண்டார். அப்புறம் கோடு போட்டார். நீளமாக, அகலமாக, ஓடுகிற கால்களுக்கு இடம் விட்டு, கீழே மூன்று விரலுக்குப் பதில் ஐந்து விரல் விட்டு.

எட்டிப் பார்த்த முதலாளியம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இவ்வளவு பெருசாவா? யாருக்கு மாஸ்டர் இது?"

"ரெண்டு வயசுப் பொண்ணு ஒருத்தி மேடம்" என்றார் மாஸ்டர், கத்தரியை எடுத்துக்கொண்டே. "எனக்கு இன்னும் பழக்கமில்ல. அடுத்த வருஷம் ஒரு மாசம் லீவு குடுங்க, நேர்லயே போய் என்னை அறிமுகப்படுத்திக்கிறேன்."